ஐந்தாம் மேஜையில் நின்ற விண்டோ

கீழே கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில் நிற்கிற பெரியவர் நமக்கு வந்த கேஸ்தான் என்று ருக்குமணி அக்கா ஒரு மணிக்கே சொல்லிவிட்டார். ஆனால் பெரியவர் மேலே ஏறி வருகிற வழியைக் காணோம்.

டத்தோ கிராமாட் சாலையில், சாவி வெட்டுகிற கடைக்கு மேல்மாடியில் எங்கள் விசாரணை அலுவலகம். அக்கா முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கி வாங்கியே துப்பறிகிறவராக ஆனார். நான் ஹபீப் முகம்மது. கார் ஓட்டுவேன், கோப்பி வாங்கி வருவேன், யாரையாவது பின்தொடரச் சொன்னால் தொடர்வேன். வாயடிப்பது சம்பளத்தில் சேராது, அதை இலவசமாகத்தான் செய்கிறேன்.

நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வெள்ளை முழுக்கைச் சட்டை, பளபளவென்று சப்பாத்து, பையில் இரண்டு பேனா. கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் மாடிப்படியைப் பார்ப்பதுமாக இருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“அக்கா, ஆளு ரொம்ப அவசரத்துல இருக்காரு. ஆனா நகர மாட்டேங்கிறாரு. ஒருவேளை படிக்கட்டைப் பாத்துப் பயந்துட்டாரோ?”

அக்கா சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். “இன்னைக்குப் புதன். ராகு காலம் பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை வரைக்கும். அதான் நிக்கிறாரு. ஒன்றரை அடிக்கட்டும், தானா ஏறி வருவாரு பாரு.”

ஒன்றரை அடித்தது. பெரியவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அங்கேயே நின்றார்.

“ராகு போயாச்சு, ஆளு போகலை” என்றேன் நான்.

அக்காவுக்குச் சுருக்கென்று பட்டது. ஊகம் தப்பினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அன்று வாங்கி வைத்திருந்த நாசி கண்டார் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. சரியாக இரண்டு மணிக்கு, வானொலியில் செய்தி தொடங்கும்போது, படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

“என்ர பெயர் ஐயாத்துரை. ரெயில்வேயில சீஃப் கிளார்க்கா இருந்து இளைப்பாறினனான்” என்றார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. “எனக்கு ஒரே மகள், கனகேஸ்வரி. புக்கிட் தெங்காவில ஒரு ஃபேக்டரியில வேலை. அவளை ஒரு ரூமுக்குள்ள இருத்தி வைச்சிருக்கினம், பிள்ளை. ஓப்பிஸ் மூடுறதுக்கு முன்னம் போலீசுக்குச் சொல்லப் போகினமாம்.”

“என்ன செஞ்சதா சொல்றாங்க ஐயா?”

“அவளின்ர கண்ணாடிப் பெட்டியில எழுத்து நிண்டு போகுதாம். அவள்தான் வேணுமெண்டு நிப்பாட்டினவளாம். அதால கன சாமான் பழுதாப் போச்சாம். கூட வேலை செய்யிற சபூரா எண்ட பிள்ளை பன்னிரண்டு மணி போல ஃபோன் பண்ணிச் சொன்னவள்.”

“பன்னெண்டு மணிக்கே தெரிஞ்சு, இவ்வளவு நேரம் கீழேயே நின்னீங்களே?”

அவர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். “நல்ல காரியத்துக்கு அவசரப்படக் கூடாது, பிள்ளை” என்றார். அந்தப் பதில் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஓப்பிஸ் மூட அதிக நேரம் இல்லை. அதனால் அக்கா மேற்கொண்டு கேட்காமல் கைப்பையை எடுத்தார்.

கடல் பாலத்தில் என் டட்சன் கார் இருமிக்கொண்டே போனது. பின்சீட்டில் ஐயாத்துரை சாய்ந்து உட்காராமல் விறைப்பாக இருந்தார். நான் அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன்.

“பயப்படாதீங்க ஐயா. இந்தக் கெரெத்தா நின்னு போனாக்கூட அக்கா எறங்கித் தள்ளுவாங்க. கேஸை மட்டும் விட மாட்டாங்க.”

“அவள் பிழை செய்ய மாட்டாள், தம்பி” என்றார் அவர். என் பகடி காதில் விழவேயில்லை. “தாய் இல்லாமல் வளர்ந்தவள். ஒரு பொய் சொல்லத் தெரியாது.”

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடியிருப்பது அபூர்வம்.

ஃபேக்டரி வாசலில் காவலாளி ஐயாத்துரையை உள்ளே விடவில்லை. காவல் அறையிலேயே ஒரு நாற்காலி போட்டார். எங்களை அழைத்துப் போக வந்தவர் எஞ்சினியர் சந்திரசேகரன். முப்பது வயதிருக்கும். பல நாள் தூங்காத கண். வயரும் பெட்டியும் இவர் பொறுப்பில் இருந்தவை. அந்தப் பெண்மேல் தப்பில்லை என்றானால் தப்பு இவர் தலையில் விழும், அதை மனிதர் நன்றாகவே உணர்ந்திருந்தார்.

குளிர்பதனம் போட்ட ஹால். வரிசையாக மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு திரை. திரையில் கட்டம் கட்டமாக எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டத்தை இங்கே விண்டோ என்கிறார்கள். ஐந்தாம் மேஜைக்கு நேராக வந்து நின்றோம். அந்த இடத்தில் இப்போது சபூரா உட்கார்ந்திருந்தாள். முக்காடு போட்ட சின்னப் பெண், எங்களைப் பார்த்ததும் அழுவதா பேசுவதா என்று தெரியாமல் விழித்தாள்.

“இதுதான் கம்ப்யூட்டரா?” என்று கேட்டார் அக்கா.

“இது பாதிதான் அக்கா. நிஜ மெஷின் பின்கட்டடத்துல இருக்கு. ப்ரோக்ராம் ஓடுறது அங்க. வயர் வழியா அதோட எழுத்து மட்டும் இங்க வந்து தெரியும். இது வெறும் முகம்.”

“எங்க ஓப்பிஸ் மாதிரிலா. மூளை அக்கா, முகம் நான்” என்றேன்.

சந்திரசேகரன் சிரிக்கவில்லை. அக்காவும்தான். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

விஷயம் இதுதான். ஃபேக்டரியில் செய்கிற சர்க்யூட் போர்டுகளை ஓவனில் வைத்துச் சூடேற்றிச் சோதிப்பார்கள். ஒரு லோட் முடிந்தால் ஆறவிட்டு அடுத்த லோட் தொடங்கும். எல்லாம் தானாக நடக்கும். நடப்பதை ஐந்தாம் மேஜையின் விண்டோ வரி வரியாகச் சொல்லிக்கொண்டே வரும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கனகேஸ்வரியின் வேலை. திடீரென்று சில வாரமாக அந்த எழுத்து நின்று நின்று போயிருக்கிறது.

“நின்னா நிக்கட்டுமே. முகம் நின்னா மூளை ஏன் நிக்கணும்?” என்றார் அக்கா.

இந்தக் கேள்வியை யாரும் இதுவரை கேட்டதில்லை போலும். சந்திரசேகரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த ப்ரோக்ராம் ஒவ்வொரு வேலைக்கும் முன்னாடி ஒரு வரி சொல்லும். சொன்ன வரியை இங்க வாங்கிக்கிட்டாத்தான் அடுத்த வேலைக்குப் போகும். வாங்கலைன்னா வரியைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கும்.”

“தட்டைத் தூக்கிக்கிட்டு வந்தவன், மேஜையில எடம் இல்லாம நிக்கிற மாதிரி” என்றேன்.

“அதேதான். இவன் நிக்கிறான், அங்க அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. உள்ள இருந்த போர்டெல்லாம் வேளைக்கு வெளிய வராம வெந்துபோச்சு. அமெரிக்காவுக்கு அனுப்பி, அங்கேருந்து கெட்டுப்போச்சுன்னு திரும்பி வந்தப்பதான் எங்களுக்கே தெரியும்.”

“எழுத்து எதனால நிக்குது?”

“மொதல்ல வயர்னு நெனச்சேன். மாத்தினேன். பெட்டியை மாத்தினேன். நின்னதே எனக்கு லேட்டாத்தான் தெரியும், நான் ஓடி வந்து பாக்கிறதுக்குள்ள மறுபடி ஓட ஆரம்பிச்சிடும். பைத்தியம் பிடிக்காத குறை. கடைசியில போன வாரம் கனகேஸ்வரியை எழுப்பிட்டு சபூராவை உக்கார வெச்சோம்.” அவர் குரல் இறங்கியது. “அதுக்கப்புறம் ஒரு தடவைகூட நிக்கலை அக்கா.”

காவல் அறையில் இருக்கிற பெரியவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே பக்கத்து மேஜை கீபோர்டில் கையை ஊன்றினேன். அங்கே ஓடிக்கொண்டிருந்த எழுத்து டக்கென்று நின்றது.

“யா அல்லா. நான் ஒண்ணும் பண்ணலைலா. சும்மா கை வெச்சேன்.”

சபூரா நாற்காலியிலிருந்து எட்டி இரண்டு பட்டனை அழுத்தினாள். எழுத்து மறுபடி ஓடியது. “கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேத்து அமுக்கிட்டீங்க அண்ணே. அது நிறுத்திடும். கண்ட்ரோல் கியூ அமுக்கினா ஓடும்.”

அக்கா மெதுவாகத் திரும்பினார். “இது இங்க எல்லாருக்கும் தெரியுமாம்மா?”

“தெரியும்கா. எழுத்து வேகமா ஓடுறப்போ படிக்கிறதுக்குக் கொஞ்சம் நிறுத்திக்குவோம். படிச்சதும் விட்டுடுவோம்.”

“நிறுத்தினா பின்னால ப்ரோக்ராமும் நிக்கும்னு தெரியுமா?”

சபூரா சந்திரசேகரனைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தார். நானும் பார்த்தேன். மனிதர் தரையில் எதையோ தேடினார்.

“ஒரு நிமிஷம் நிறுத்தினா ஒண்ணும் ஆகாதுக்கா” என்றார். “அதனால சொல்லித் தரலை. ஆனா இது ஒரு நிமிஷம் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரம் ஒருத்தி எழுத்தை நிறுத்தி வெச்சிருந்தா அது படிக்கிறதுக்கு இல்லை. வேற எதுக்கோ. சிம்பாங் அம்பாட்ல இதே போர்டு செய்யிற கம்பெனி ஒண்ணு இருக்கு. அவங்க சொல்லித்தான் செய்யிறான்னு மேனேஜர் மிஸ்டர் கூ நெனைக்கிறார்.”

“எந்த நேரத்துல நிக்கும்?”

“அதுதான் பிடிபடலை. திங்கக்கிழமை காலையில வந்தவுடனே. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன்னாடி. புதன்னா சாப்பாட்டு நேரம். செவ்வாய்னா வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி. தினம் ஒரு நேரம்.” சற்றுத் தயங்கினார். “நானும் தமிழன்தானே அக்கா, ராகு காலமான்னு ஒரு சந்தேகம் வந்திச்சு. வீட்டுக் கேலண்டரை வெச்சுப் பாத்தேன். ஒத்து வரலை. எல்லா நாளும் அரை மணி தள்ளி நிக்குது. கேலண்டர்ல பன்னெண்டுன்னா இங்க பன்னெண்டரை. அதனால விட்டுட்டேன்.”

அக்கா அசையவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் கிடைத்த மாதிரி ஒரு முகம் அவருக்கு உண்டு, அது வந்துவிட்டது.

“ஹபீப், ஐயா எத்தனை மணிக்கு மாடி ஏறினாரு?”

“ரெண்டு மணிக்கு. நீங்க ஒன்றரைன்னு சொல்லி…” என்று தொடங்கிய நான் பாதியில் நிறுத்தினேன். இந்த மண்டைக்கும் சில நேரம் வெளிச்சம் வரும்.

அக்கா சபூராவின் மேஜைமேல் இருந்த டெலிபோனைத் தொட்டார். “இதுல யாருக்கும்மா அதிகமா ஃபோன் வரும்?”

“கனகாவுக்குத்தான். அவங்க அப்பா தினம் பேசுவாரு. ரெண்டு வார்த்தைதான். இவ ‘ஓம் அப்பா, ஓம் அப்பா’ன்னுட்டு வெச்சிடுவா. நாங்க கேலி பண்ணுவோம்.”

கனகேஸ்வரியை வைத்திருந்த அறையில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும். வெளியே ஒரு பெண் காவலாளி. அக்கா கதவைச் சாத்தினார். அந்தப் பெண் எழுந்து நின்றாள். ஒல்லியான உடம்பு, அழுது வீங்கிய கண், ஆனாலும் தலைமுடி கலையவில்லை. அப்பாவின் மகள்தான் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

“உன் அப்பா வாசல்ல இருக்காரும்மா.”

பயந்துபோனாள். “அவரை ஏன் கூட்டிட்டு வந்தீங்க?”

“நாங்க கூட்டிட்டு வரலை. அவர்தான் எங்களைக் கூட்டிட்டு வந்தாரு. உன்னைக் காப்பாத்தச் சொல்லி.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். அக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எல்லாரும் ராகு காலத்தை நாள்காட்டியில பாப்பாங்க. உன் அப்பா மட்டும் அரை மணி கழிச்சுப் பாக்கிறாரு. நீயும் அரை மணி கழிச்சுத்தான் எழுத்தை நிறுத்தியிருக்கே. ஏம்மா?”

அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“நான் சின்னப் பிள்ளையா இருக்கிறப்போ கவர்மெண்ட் கடிகாரத்தை மாத்தினாங்களே, ஞாபகம் இருக்கா அக்கா? புது வருஷத்துல எல்லாரும் அரை மணி முன்னால தள்ளி வெச்சோம்.”

“எண்பத்திரண்டு” என்றார் அக்கா.

“அந்த வாரம் அம்மா பசாருக்குக் கிளம்பினாங்க. அப்பா கடிகாரத்தைப் பாத்து, ராகு காலம் முடிஞ்சுது, போயிட்டு வான்னு அனுப்பினார். ரோட்டைத் தாண்டுறப்போ லோரி மோதிடுச்சு.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கடிகாரத்துல முடிஞ்சிருந்துச்சு. சூரியனுக்கு முடியலை. இன்னும் அரை மணி இருந்துச்சு. அப்பா அதைக் கணக்குப் பண்ணிக் கண்டுபிடிச்சாரு. அன்னையிலேர்ந்து கவர்மெண்ட் கடிகாரத்தை அவர் நம்புறதில்லை. ‘அம்மாவை நான்தான் அனுப்பினனான்’னு இப்பவும் சொல்வார்.”

அஞ்சடியில் நின்ற மனிதரைப் பார்த்துப் படிக்கட்டுக்குப் பயந்துவிட்டார் என்று சொன்னவன் நான்தான்.

“இந்த வேலைக்கு வந்தப்புறம் தினமும் அந்த நேரம் தொடங்கினதும் ஃபோன் பண்ணுவார். ‘இந்த நேரத்துல ஒண்டும் தொடங்காதை பிள்ளை’ எண்டு. நான் ‘ஓம் அப்பா’ம்பேன். மொதல்ல எனக்கு வேற வேலை, அதனால பாதகமில்லை. ஐந்தாம் மேஜைக்கு மாத்தினப்புறம்தான் கஷ்டம். லோட் தானாத் தொடங்கும். அதைத் தள்ளி வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனா அது தொடங்குதுன்னு வரி என் கண் முன்னாடிதானே வருது? அப்பாகிட்ட ஓம்னு சொன்ன வாய் மூடுறதுக்குள்ள அதைப் பாத்துக்கிட்டு உக்கார மனசு வரலை அக்கா. அதான் எழுத்தை நிறுத்தி வெச்சிடுவேன். நேரம் முடிஞ்சதும் விட்டுடுவேன்.”

“ஓவன்?”

“அது பின்கட்டடத்துல இருக்கு, இங்க வர்றது படம் மட்டும்தான்னு சொன்னாங்க. படத்தை நிறுத்தினா வேலை நிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? அங்க எல்லாம் நடந்துக்கிட்டு இருக்கும், நான் பாக்கலை, அவ்வளவுதானேன்னு நெனச்சேன். அப்பாகிட்ட பொய் சொல்லாம இருக்கத்தான் செஞ்சேன்.”

அக்கா பெருமூச்சு விட்டார். “இதை நீ மிஸ்டர் கூகிட்ட சொல்லியிருந்தா போலீசு வரைக்கும் போயிருக்காதேம்மா.”

“சொன்னா, ‘உன் அப்பாவைக் கூப்பிடு, கேப்போம்’பாங்க.” அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மாவை அனுப்பினது தான்தான்னு பதினோரு வருஷமா மருகிக்கிட்டு இருக்கார். என் வேலை போனதும் தன் ஃபோனாலதான்னு தெரிஞ்சா அவர் என்ன ஆவார்? நான் ஜெயிலுக்குப் போனாலும் போறேன். அவர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க அக்கா.”

துப்பு கிடைத்துவிட்டது. எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் அக்கா கண்ணடிப்பார், நான் ஒரு ஜோக் அடிப்பேன், இரண்டு பேரும் தெ தாரிக் குடிக்கப் போவோம். அன்று அது எதுவும் இல்லை. எங்களை நம்பிப் பணம் கொடுத்து அழைத்து வந்தவர்தான் நாங்கள் தேடி வந்த ஆள். அதைக் கண்டுபிடித்து என்ன பிரயோசனம் என்று எனக்குத் தெரியவில்லை.

மிஸ்டர் கூவின் அறைக்கு அக்கா போகும்போது சந்திரசேகரனையும் கையோடு கூட்டிப்போனார். நான் கதவோரம் நின்றேன். மேனேஜர் மேஜைக்குப் பின்னால் சிவப்பு அட்டை போட்ட சீன நாள்காட்டி தொங்கியது, நல்ல நாள் கெட்ட நாள் எல்லாம் போட்டது. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அக்கா மலாயிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். இது சதி இல்லை, நம்பிக்கை. கெட்ட நேரத்தில் எதுவும் தொடங்கக் கூடாது என்று அந்தப் பெண் எழுத்தை நிறுத்தி வைத்தாள். எழுத்து நின்றால் ப்ரோக்ராமும் நிற்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“சொல்லித் தரலையா?” என்று மிஸ்டர் கூ சந்திரசேகரனைக் கேட்டார்.

சந்திரசேகரன் என்னைப் பார்த்தார். நான் என்னால் முடிந்த அளவு முறைத்தேன். “இல்லை சார்” என்றார் மெல்ல. அதற்கே அவருக்கு வேர்த்துவிட்டது.

மிஸ்டர் கூ சிரிக்கவில்லை. கேலி செய்யவும் இல்லை. இந்த ஃபேக்டரி கதவை முதன்முதல் திறந்ததே தான் நேரம் பார்த்துத்தான் என்றார். போலீசுக்குப் போகமாட்டேன் என்றார். எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது. பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“ஆனா அமெரிக்காவுல காரணம் கேக்கிறாங்க. நான் ஒரு ஆள் பேரை எழுதி அனுப்பியாகணும். கெட்ட நேரம்னு எழுதி அனுப்ப முடியாது.”

“அப்ப இவர் பேரை எழுதுங்க” என்றேன் நான், சந்திரசேகரனைக் காட்டி. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். மிஸ்டர் கூவுக்கு வயர் மாட்டுகிறவர் வேண்டும், ஐந்தாம் மேஜைக்கு ஆள் கிடைப்பார்கள். இதை அவர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. கனகேஸ்வரி அன்றோடு வேலையைவிட்டு நின்றுகொள்வாள் என்று முடிவாயிற்று. வெளியே வந்ததும் சந்திரசேகரன் ஏதோ சொல்ல வந்தார். நான் முகம் கொடுக்காமல் நடந்துவிட்டேன்.

காவல் அறையில் ஐயாத்துரை எங்களைக் கண்டதும் எழுந்தார்.

“போலீசு இல்லை ஐயா” என்றார் அக்கா. “அதை நிறுத்தியாச்சு.”

பெரியவர் இரண்டு கையையும் கூப்பினார். கண் கலங்கிவிட்டது.

“ஆனா வேலை போச்சு.”

“போனாப் போகட்டும் பிள்ளை. யார் செய்ததெண்டு கண்டுபிடிச்சியளோ?”

அக்கா இத்தனை வருஷத்தில் எந்த வாடிக்கையாளருக்கும் பொய் சொன்னதில்லை. கசப்பான உண்மையைக்கூட முகத்துக்கு நேரே சொல்லி, திட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அதற்கு நான் சாட்சி.

“இல்லை ஐயா. கண்டுபிடிக்க முடியலை.”

“மெஷின் பிழையோ?”

“அப்படித்தான் வெச்சுக்கணும்.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “பரவாயில்லை பிள்ளை” என்று ஆறுதல் சொன்னார். “நீங்களும் என்ன செய்வியள். உங்களால ஏலக்கூடியதைச் செய்தியள்.”

கனகா ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். உள்ளே ஒரு கோப்பையும் ஸ்வெட்டரும். அப்பாவும் மகளும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் வண்டியை எடுத்தேன். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் சொல்ல ஏதாவது தமாஷ் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

பாலத்தில் ஏறியதும் ஐயாத்துரைதான் பேசினார். குரலில் தெம்பு வந்திருந்தது.

“போலீசு இல்லாமல் தப்பினதே பெரிய காரியம். ஏன் தெரியுமோ பிள்ளை? ரெண்டு மணி வரைக்கும் பொறுத்து நிண்டு, நல்ல நேரத்தில தொடங்கினபடியால்தான். சபூரா ஃபோன் பண்ணினவுடனே போய்ப் பேசியிருந்தால் எல்லாம் பிழையாப் போயிருக்கும்.”

கண்ணாடியில் பார்த்தேன். கனகா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவர் அவள் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார்.

“ஒண்டுக்கும் யோசியாதை. வேற வேலை கிடைக்கும். அங்க போகேக்கையும் நான் நேரம் பாத்து ஒவ்வொரு நாளும் ஃபோன் பண்ணிச் சொல்லுறன். நான் இருக்கும் மட்டும் உனக்கு ஒரு பிழையும் வராது.”

“ஓம் அப்பா” என்றாள் அவள்.